எச்சில் தொட்டுத் துடைத்த எஞ்சின்

எச்சில் தொட்டுத்தான் துடைக்க வேண்டும், தண்ணீர் ஆகாது என்பது ஹில்மியின் கட்சி. கிழிந்த பனியன் துண்டின் நுனியை நாக்கில் வைத்து ஈரமாக்கி, எஞ்சின் மேல் வட்டம் வட்டமாகத் தேய்க்கிறார். அலெக்ஸாந்திரியாவின் கடற்காற்று தினமும் அலுமினியத்தில் உப்பு பூசிவிட்டுப் போகும். காலையில் ஹில்மி அதைத் துடைத்துவிட்டுத்தான் தன் முகத்தைக் கழுவுவார். மாலையில் அஸர் பாங்கு கேட்டால், "இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்" என்று பள்ளிவாசல் பக்கம் பார்த்துப் பதில் சொல்லுவார். கை மட்டும் நிற்காது. அல்லாஹ் பொறுமையாளன்.

பிழைப்புக்கு டிராமில் டிக்கெட் கொடுக்கிறார். ஊரிலேயே மெதுவாகப் போகிற வாகனத்தில் பகலெல்லாம் நின்றுவிட்டு, மாலையானால் முஅல்லிம், அதாவது முதலாளி, பயூமியின் காப்பிக்கடையில் உட்கார்ந்து வேகத்தைப் பற்றிப் பேசுவார்.

வண்டி அவருடையதுமல்ல. மனைவி இன்ஷிராஹுக்கு அவள் வாப்பா விட்டுப்போன பழைய ஜாவா மோட்டார் சைக்கிள் அது. வண்டியின் லைசன்ஸும் அவள் பெயரில்தான். அவள் வீட்டிலிருந்தே பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். தைத்த மூட்டையைப் பின்னால் கேரியரில் கட்டி, நீள சீட்டில் கணவன் முதுகைப் பிடித்துக்கொண்டு மன்ஷிய்யா கடைகளுக்குப் போய்வந்த காலம் ஒன்று இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஹில்மி போனில் ஏதோ படம் பார்த்தார். அன்றோடு சரி.

"இதுக்குப் பேரு காஃபே ரேஸர், முஅல்லிம். லண்டன்ல அந்தக் காலத்துல பசங்க காப்பிக்கடைல, காசு போட்டா பாடற பெட்டில பாட்டு ஒண்ணு போட்டுட்டுக் கிளம்புவாங்களாம். பாட்டு முடியறதுக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டுத் திரும்பிடணும். அதான் பந்தயம்."

பயூமி ஹுக்காவுக்குக் கங்கு எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார்: "நம்ம ஊர்ப் பாட்டு ஒண்ணரை மணி நேரம் ஓடும். அதுக்குள்ள நான் கழுதைல போயிட்டு வந்து குளிச்சும் முடிச்சிடுவேன், பாஷ்முஹந்திஸ்."

பாஷ்முஹந்திஸ் என்றால் தலைமைப் பொறியாளர். இந்த ஊரில் ஸ்பானரைக் கையில் பிடித்தவனையெல்லாம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்கள் யாரும் அதை நம்புவதில்லை. ஹில்மி நம்பினார்.

முதலில் கேரியர் போயிற்று. பிறகு செயின் மூடி, முன்னும் பின்னும் மட்கார்டு. "எல்லாம் வெறும் சதை. வண்டிக்கு எலும்பு போதும்" என்பார், தன் தொப்பையைத் தடவிக்கொண்டே. கைப்பிடியை முழங்கால் உயரத்துக்கு இறக்கினார். இப்போது குனிந்து பிடித்தால் அவருக்கு முன்னால் அவர் தொப்பை டேங்க் மேல் ஏறி உட்காருகிறது. மழைத் தண்ணீரில் போனால் பின்சக்கரம் பிடரிவரை சேற்றுக் கோடு இழுத்துவிடும். அந்தக் கோட்டோடேதான் டிராமில் டிக்கெட் கொடுத்தார், யாரோ பதக்கம் குத்தினதுபோல.

நீள சீட்டைப் பாதியாக அறுத்து, பின்னால் ஒரு கூம்பு வைத்த அன்றைக்கு இன்ஷிராஹ் கேட்டாள்: "நான் எங்க உக்கார்றது?"

"ரேஸர்ல ஒரு ஆள்தான்."

"அப்ப இந்தக் கூம்பு யாருக்கு?"

"அது காத்துக்கு. காத்து அதுமேல வழுக்கிட்டுப் போகும்."

"காத்துக்கு இடம் இருக்கு. வண்டிக்காரிக்கு இல்ல. நல்லா இருக்கு ஹில்மி."

அதற்குப் பிறகு அவள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு நெரிசல் வேனில் போனாள். ஹில்மியின் பந்தயமோ வீட்டு வாசலிலிருந்து பயூமி கடைவரை. நூறு தப்படி இருக்கும். கிக்கரில் முதல் ஏழு உதைக்குப் பிஸ்மில்லாஹ் சொல்லுவார். எட்டாவது உதைக்கு என்ன சொல்லுவார் என்பதை எழுதாமல் விடுவது நல்லது. அதற்குள் பயூமி அவருடைய தேநீரைக் கொண்டுவந்து மேசையில் வைத்திருப்பார்.

இப்படிப்பட்ட வண்டிக்கும் ஒரு பல் டாக்டர் வந்து வாய்த்தார். பயூமி கடை வாசலில் நிற்பதைப் பார்த்து, "கலைப்பொருள்!" என்றார். "லைசன்ஸைப் புதுப்பிச்சு என் பேருக்கு மாத்திக் கொடுங்க, அன்னைக்கே எடுத்துக்கறேன்." ஹில்மிக்குக் 'கலைப்பொருள்' என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது, தலையாட்டிவிட்டார். இன்ஷிராஹுக்கு அதைவிடப் பெரிது வேறொன்று. அந்தக் காசில் வாங்க, மூட்டை ஏற்றும் மூன்று சக்கர வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். நீல நிறம். தானே ஓட்டுவதாக முடிவு. தொழுகைப் பாயில் உட்கார்ந்து, "யா அல்லாஹ், இந்த ஒரு காரியம் நடக்கட்டும்" என்று அதற்காகவே கையேந்தினாள்.

புதுப்பிக்கப் போகுமுன் ஒரு வாரம் ஹில்மி உப்புத்தாளும் கையுமாக இருந்தார். "இடப்பக்கம் மட்டும் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியா இருக்கு. உப்பு அரிச்சிருக்கு. டாக்டர் கண்ணுல படக் கூடாது." ராவினார், மெழுகு போட்டார், எச்சில் தொட்டுத் தேய்த்தார். கடைசியில் கண்ணாடியாகிவிட்டது. அதில் பார்த்து மீசையைக்கூட வெட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை போக்குவரத்து அலுவலக முற்றத்தில் வெயில். இன்ஷிராஹ் வேனில் வந்து, காகிதங்களைக் கைப்பையோடு நெஞ்சில் அணைத்தபடி நின்றாள். இன்ஸ்பெக்டர் ஓய்வு பெறப் போகிற வயதுக்காரர். மெல்லிய தாளை எஞ்சினின் இடப்பக்கம் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். பொறித்திருக்கும் எண் தாளில் வெள்ளையாக எழும்ப வேண்டும். தாள் முழுக்கக் கறுப்பாயிற்று. இன்னொரு தாள். அதுவும் கறுப்பு.

"ஹாஜியம்மா, இதுல நம்பரைக் காணோமே."

"அந்தப் பக்கம் இருக்கும்" என்றார் ஹில்மி.

"நாப்பது வருஷமா தடவறேன். ஜாவாவுக்கு இந்தப் பக்கம்தான். இங்க புள்ளி புள்ளியா, குழிவா எதுவும் இல்லையா?"

"இருந்துச்சு. அம்மைத் தழும்பு மாதிரி. நான்தான்..."

கையிலிருந்த பனியன் துண்டைச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

"தழும்பு இல்லய்யா அது, நம்பர்! அது போச்சுன்னா வண்டி யாரோடதுன்னு நான் எப்படி எழுதறது? புதுப்பிக்கவும் முடியாது, பேர் மாத்தவும் முடியாது. திருட்டு வண்டியில்லன்னு கோர்ட்டுல போய் நிரூபிச்சிட்டு வாங்க. அதுவரைக்கும் இங்கயே நிக்கட்டும்." கறுத்த தாளை இன்ஷிராஹ் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்தார்.

அவள் தாளை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"ஹில்மி," என்றாள். "என் வாப்பா பேரையும் சேர்த்துத் தேச்சுட்டியே."

ஹில்மியின் கண் எஞ்சினில் இருந்தது. அந்தப் பளபளப்பின் நட்டநடுவே, இன்ஸ்பெக்டர் தாளை அழுத்திப் பிடித்த இடத்தில், பென்சில் கரியோடு ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. வண்டியில் இனி படிப்பதற்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

மெல்லக் குந்தி உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து பனியன் துண்டை எடுத்து, அதன் நுனியை நாக்கில் வைத்தார்.