கூறைப்புடவையின் மறுமுனை

கோழித் தீவனம் கலப்பதில் ஸ்ரீதேவியை மிஞ்ச எருமப்பட்டிப் பக்கம் ஆளில்லை என்று அவள் கணவனே ஒப்புக்கொள்வான். சோளம் ஈரமாக வந்தால் எதைக் கூட்டுவது, முட்டை ஓடு மெலிந்தால் சுண்ணாம்புக்கல் மாவு எவ்வளவு போடுவது எல்லாம் அவளுக்குக் கைப்பழக்கம். அந்தக் கைகள்தாம் இப்போது அவளைப் படுத்தின. முழங்கையில் தொடங்கிய சொரியாசிஸ் புறங்கைவரை இறங்கி, தடித்துச் சிவந்து, வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்த்தது.

ஆவணியில் தம்பி குமரனுக்குக் கல்யாணம். இணைச்சீருக்கு மாப்பிள்ளையோடு உட்கார வேண்டியவள் உடன்பிறந்தவள். கூறைப்புடவையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை இவள் கையில். அதே புடவையைக் கட்டிக்கொண்டுதான் பெண் தாலிக்கு வந்து உட்காருவாள். பெண் வீட்டாருக்கு அங்கேதான் இடித்தது.

"கைல என்னுங்க அது, ஒட்டுவாரொட்டியா?" என்று பெண்ணின் அத்தை நிச்சயத்தன்றே கேட்டுவிட்டாள்.

நாமக்கல்லில் தோல் டாக்டரம்மா ஒரு ட்யூப் எழுதிக் கொடுத்தார். "இது கூட்டு மருந்தும்மா. ஒண்ணு தோல் கன்னாபின்னான்னு வளர்றதை அடக்கும், இன்னொண்ணு வீக்கத்தையும் அரிப்பையும் அமத்தும். தனித்தனியாப் போடறதைவிட ரெண்டும் சேர்ந்தா நல்லாக் கேட்கும்."

கூட்டு என்ற சொல் ஸ்ரீதேவிக்குப் பிடித்துப்போயிற்று. மெடிக்கல்காரர் எப்போதோ கொடுத்த பழைய களிம்பு வீட்டில் பாதி கிடந்தது. செதிலை நன்றாக உரித்தெடுக்கும். இரண்டு சேர்ந்தால் நல்லதென்றால் மூன்று சேர்ந்தால் இன்னும் நல்லதுதானே. இரண்டு ட்யூபையும் கிண்ணத்தில் பிதுக்கி, ஒரே நிறமாகும்வரை குழைத்துத் தடவி வந்தாள். ஆடி பிறந்தும் தடிப்பு இம்மியும் குறையவில்லை.

மறுபடி போனபோது டாக்டரம்மா பழைய ட்யூபை வாங்கிப் படித்தார்.

"இதையுமா போட்டீங்க?"

"கலந்துதானுங்க போட்டேன். நீங்கதானுங்களே கூட்டு மருந்துன்னீங்க."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இதுல சாலிசிலிக் ஆசிட் இருக்குது. புது மருந்துல ஒரு பாதியை அது செல்லாமப் பண்ணிடும். ரெண்டும் ஒத்துப்போற மாதிரி கலந்துதான் ட்யூபுல அடைச்சிருக்காங்க. நீங்க மேல எதையும் கலக்கக் கூடாது."

"கோழிக்குன்னா இப்படிப் பண்ணியிருக்க மாட்டனுங்க" என்றவளுக்குக் குரல் இறங்கிவிட்டது. "கல்யாணத்துக்குள்ள போயிருமுங்களா?"

"குறையும். முழுசாப் போயிரும்னு சொல்ல மாட்டேன். போனாலும் திரும்ப வரலாம். ஆனா யாருக்கும் ஒட்டாது."

அதை அத்தைக்கு யார் சொல்வது?

புது ட்யூபை மட்டும் தடவத் தொடங்கியதும் செதில் நின்றது. தடிப்பு அமுங்கியது. சிவப்பு மட்டும் அப்படியே இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மா காளியாத்தாள் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்முணி, பெரியப்பன் மக அனிதா உக்காரட்டும்னு பொண்ணூட்டுல சொல்றாங்க. நல்ல காரியத்துல எதுக்குப் பேச்சு, சாமி?"

ஸ்ரீதேவி தம்பியைப் பார்த்தாள். அவன் போனிலிருந்து தலை தூக்கவில்லை. "உனக்கு எது சௌகரியமோ அப்படிப் பண்ணிக்கக்கா."

வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அழுதுவிட்டு ஒதுங்கியிருப்பாள். இது அதைவிட வலித்தது.

"எனக்கு உக்கார்றதுதாஞ் சௌகரியம்" என்றாள்.

மறுநாள் முழங்கையை ரவிக்கை மூடியது. புறங்கையை எதைக்கொண்டு மூடுவது? சீர் செய்த அருமைக்காரர் புடவை முனையை அவள் கையில் கொடுத்தார். சீர் முடியும்வரை குமரன் தன் முனையையே பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் அத்தை புடவையை வாங்கிக்கொண்டு பெண்ணின் அறைக்குள் போனாள்.

பெண் வெளியே வந்தாள். கட்டியிருந்தது அதே சிவப்புதான், ஆனால் கரை வேறு. புடவையையே மாற்றிவிட்டார்கள். காளியாத்தாள் மகளின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கெட்டிமேளம் தொடங்க, அட்சதைத் தட்டு வந்தது. ஸ்ரீதேவி கை நிறைய அள்ளினாள். அத்தை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் அள்ளினாள்.