நாலு கரண்டி நோன்புக் கஞ்சி

டாக்டர் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "உங்க வீட்டுக்காரர் குடிப்பாரா?"

நடக்கிறதோ நோன்பு மாசம். பகலெல்லாம் பச்சைத் தண்ணி படாத மனுஷன், வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கட்டில்ல சுருண்டு கிடக்கிறாங்க. "குடிப்பாங்க. டீ. அதுவும் சக்கரை கம்மியா"ன்னு வெடுக்குனு சொன்னேன். நர்ஸம்மா சிரிப்பை அடக்கிக்கிட்டாங்க. டாக்டரையும் குத்தம் சொல்ல முடியாது. சாராயத்துக்குன்னே எல்லையில இருக்கிற பூவம் தாண்டி வர்ற கூட்டம் இருந்த ஊரு காரைக்கால். வயித்து வலின்னு வந்தா இதைத்தான் முதல்ல கேப்பாங்க.

எண்பதுகளோட தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். மச்சானுக்கு, அதாவது என் வீட்டுக்காரங்களுக்கு, ஜவுளிக் கடை. முந்தின நாள் சாயங்காலம் நோன்பு திறந்துட்டு, எண்ணெயில பொரிச்ச, வடை மாதிரி இருக்கிற இறால் வாடாவும் ஆட்டுக்கறியும் ஒரு பிடி பிடிச்சாங்க. எழுந்து கை கழுவக்கூட இல்ல, மேல்வயித்துல பிடிச்ச வலி முதுகு வரைக்கும் துளைச்சிருச்சு. வாந்தியான வாந்தி.

பித்தப்பைக் கல்லால கணையம் வீங்கிருக்குன்னாரு டாக்டர். கணையம்னு ஒண்ணு வயித்துக்குள்ள இருக்குங்கிறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். "அதுக்கு முழு ஓய்வு குடுக்கணும். வாயில ஒண்ணும் போகக்கூடாது"ன்னு மூக்கு வழியா டியூப் விட்டாங்க. கையில சலைன். வலிக்கு ஊசி.

"பிழைச்சிருவாங்களா டாக்டர்?"

"நிறைய பேர் தேறிடுவாங்கம்மா. சில பேருக்கு முத்திடும். ஒரு வாரம் தாண்டட்டும்."

நான் நாளை எண்ண ஆரம்பிச்சேன். நாலாம் நாள் வலி குறைஞ்சு டியூப்பை எடுத்துட்டாங்க. வாயில மட்டும் இன்னும் ஒண்ணும் கூடாதுன்னாங்க. மச்சான் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புல நான் ஏமாந்துட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் மாமி, மச்சானோட உம்மா, பள்ளிவாசல் கஞ்சியைத் தூக்குச்சட்டியில கொண்டுவந்தாங்க. எங்க கணக்குல நோன்புக் கஞ்சி சாப்பாட்டுல சேராது. காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் குடுப்போம், பிரசவமானவளுக்குக் குடுப்போம். நோயாளிப் பிள்ளைக்குன்னு இந்து வீட்டுக்காரங்களும் பாத்திரத்தோட வந்து வாங்கிட்டுப் போவாங்க. அது பரக்கத்து, அல்லாவோட அருள். டாக்டர் சோறு, டீயைத்தான் சொல்லிருப்பாருன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். பாங்கு சொன்னதும் பிஸ்மி சொல்லி நாலு கரண்டி ஊட்டினேன். தேங்காய்ப் பாலும் கறியும் போட்டுக் கொதிச்ச கஞ்சிங்கிறது அந்த நேரம் புத்தியில ஏறல.

விடிஞ்சப்போ வயிறு பானையாட்டம் உப்பிக் கிடந்துச்சு. காய்ச்சல் வேற. நாடியைப் பிடிச்சுப் பாத்த டாக்டருக்கு முகம் மாறிருச்சு. "உள்ள சீழ் வச்சிருக்கும்னு சந்தேகப்படுறேன். தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் வயித்தைத் திறந்து பாக்கணும். இந்த நிலமையில ஆபரேஷன் தாங்குவாரான்னு உறுதி சொல்ல முடியாது."

காருக்கு ஆள் போயிருச்சு. ஊரையே வாயால அளக்கிறவ நான், அன்னைக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. மாமி என்னையே பாத்தாங்க. சொல்லிட்டா, புருஷனைக் கொன்னவள்னு காலத்துக்கும் பேர் நிக்கும். சொல்லாட்டி? அல்லாவே, சொல்லாட்டி அவங்களைக் கிழிச்சிருவாங்களே!

"டாக்டர், நான் கஞ்சி குடுத்துட்டேன். நாலு கரண்டி."

அவரு திட்டின திட்டை எழுத மாட்டேன். வார்டே திரும்பிப் பாத்துச்சு. தலை குனிஞ்சு வாங்கிக்கிட்டேன், வேற என்ன செய்ய? அப்புறம் மாமி மெதுவா, "கொண்டுவந்தது நான்தாங்க"ன்னாங்க. அன்னைக்கு வரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது.

டாக்டர் மறுபடி வயித்தை அமுக்கிப் பாத்தாரு. "அப்ப சீழா இல்லாமயும் இருக்கலாம், அந்தக் கஞ்சி கணையத்தைக் கிளறிவிட்டிருக்கலாம். காரை நிக்கச் சொல்லுங்க. ஒரு நாள் பாப்போம்." மறுபடி டியூப், மறுபடி சலைன். ரெண்டு மணிக்கு ஒரு தரம் அவரே வந்து வயித்தைத் தொட்டுப் பாத்தாரு. மறுநாள் காய்ச்சல் விட்டுச்சு. அதுக்கு அடுத்த நாள் வயிறு வடிஞ்சுச்சு. கார் திரும்பிப் போயிருச்சு.

அதுலேர்ந்து அந்தக் கட்டிலுக்கு நான்தான் போலீஸ். பழம் கொண்டுவந்த சொந்தக்காரங்களை வாசலோட அனுப்பினேன். இளநீரோட வந்த மச்சானோட தம்பியை நான் விரட்டின விரட்டுல அவரு செருப்பை விட்டுட்டுப் போயிட்டாரு.

பன்னெண்டாம் நாள் காலையில டாக்டர் வந்து டியூப்பை எடுத்தாரு. ஒரு டம்ளர்ல ஆறவச்ச தண்ணியும் ஒரு ஸ்பூனும் வாங்கி என்கிட்ட நீட்டினாரு.

நான் பின்னால நகந்துட்டேன். "வேணாம் டாக்டர். நர்ஸம்மா குடுக்கட்டும். என் கையால வேணாம்."

"உண்மையைச் சொன்னீங்களே, அதனாலதான் இவரு தஞ்சாவூர் போகல. நீங்களே குடுங்க."

பாதித் தண்ணி மச்சானோட தாடியில கொட்டிருச்சு. மீதி தொண்டைக்குள்ள இறங்குறதைப் பாத்துக்கிட்டே இருந்தேன். வலி வருதான்னு அவங்க முகத்தையே பாத்தேன். டாக்டர் கடிகாரத்தைப் பாத்தாரு. மாமி என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க.

மச்சான் உதட்டை நாக்கால தடவிக்கிட்டு, "இன்னொரு ஸ்பூன் குடு"ன்னாங்க.