கேட்பதற்கு முன்பே வந்த பதில்

இது நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு ராத்திரிதான் வேலை நேரம் என்று நினைப்பவர்கள் தாராளமாகச் சிரியுங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. செங்கல்பட்டில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் ஷஹர்பானு நன்றாகக் கதை கட்டுகிறாள் என்று எங்கள் கிளப்பிலேயே பாதிப் பேர் சொல்லியாகிவிட்டது.

எங்களுடையது சின்ன விமானம் வைத்திருப்பவர்களின் கிளப். வைத்திருப்பவர்கள் கொஞ்சம், வாங்க ஏங்குபவர்கள் அதிகம். நான் இரண்டாவது ரகம். ஓட்டக் கற்று லைசென்ஸும் வாங்கிவிட்டேன், விமானம்தான் இல்லை. போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களைப் பார்க்கக் கிளம்பினோம். படூரில் ஓர் அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில் இரண்டு இறக்கைகள். முட்டுக்காட்டில் ஒரு படகு ஷெட்டில் வெறும் எலும்புக்கூடு. கடைசியாக மாமல்லபுரம் தாண்டி, சவுக்குத் தோப்புக்குள் வரதன் என்பவரின் தகர ஷெட்.

அங்கே நின்றது முழு விமானம். மஞ்சள் நிறம். பார்த்ததுமே மனசு அதில் ஏறி உட்கார்ந்துவிட்டது. வரதன் அதை விற்கப்போவதாகச் சொன்னார். கூட வந்த என் தம்பி ஹுசைனுக்குத்தான் முகம் சரியில்லை.

"அக்கா, உனுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

"நீ கம்முனு சீட்ல ஏறி குந்து" என்றேன்.

வாங்குவதற்கு முன் இன்ஜினைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஒருவர் முன்னால் நின்று ப்ரொப்பெல்லரைப் பிடிப்பார். இன்னொருவர் சீட்டில் இருப்பார். முன்னால் நிற்பவர் "சுவிட்ச் ஆஃபா?" என்று கேட்க வேண்டும். சீட்டில் இருப்பவர் சாவியைப் பார்த்துவிட்டு "ஆஃப்" என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் இழுப்போம். இதில் தப்பு நடந்து இன்ஜின் கிளம்பிவிட்டால் கை மட்டும் போகாது.

மற்றவர்கள் வெளியே பிரியாணிப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு முன்னால் போய் நின்றேன். விமானத்தின் மூக்கு உயரம். அங்கிருந்து பார்த்தால் சீட் தெரியாது.

"சுவிட்ச் ஆஃபா?"

"ஆஃப்."

குரல் கரகரத்தது. இவனுக்கு எப்போது சளி பிடித்தது? எதற்கும் இன்னொரு முறை கேட்டேன்.

"சுவிட்ச்..."

"ஆஃப்."

அவசரக்குடுக்கை! பல்லைக் கடித்தேன். ப்ரொப்பெல்லரில் இரண்டு கையையும் வைத்தேன். கேட்க வாயைத் திறந்தேன்...

"ஆஃப்."

நான் இன்னும் கேட்கவே இல்லை.

வெடுக்கென்று கையை எடுத்தேன்.

க்ரீச்... சீட் முனகியது.

வாசலில் செருப்புச் சத்தம். திரும்பினேன். ஹுசைன். கையில் தட்டு.

"இன்னாக்கா, தனியா பேசிகினு கீற?"

"நீ... சீட்ல இல்ல?"

"துன்னுட்டு வரேன்னு அப்பவே சொல்லிட்டுத்தானே போனேன்!"

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். சீட் காலி. குஷன் மட்டும் அமுங்கியிருந்தது. அது மெல்ல... மெல்ல... மேலே எழும்பியது.

சாவி ஆஃபில்தான் இருந்தது. அதன் பின்னால் கை விட்டுத் தடவினேன். ஒரு வயர் கழன்று தொங்கியது. ஆஃபில் இன்ஜினை அடக்கி வைப்பதே அந்த வயர்தான்; அது கழன்றால் சாவி ஆஃபில் இருந்தும் பயனில்லை. ப்ரொப்பெல்லரை இழுத்ததும் இன்ஜின் சீறிக் கிளம்பும். நான் துண்டு துண்டாகியிருப்பேன்.

பயந்தேன். பயத்தைவிடக் கோபம் அதிகமாக வந்தது. வரதனைப் பிடித்து உலுக்கினேன்.

"இன்ஜினும் சீட்டும் பழசும்மா, வேற விமானத்துலேர்ந்து கழட்டினது" என்றார், தலையைக் குனிந்துகொண்டு. "அந்த விமானத்தோட ஓனரு சீட்ல குந்திகினு ஆஃப்னு சொன்னாரு. முன்னால நின்ன அவரு சம்சாரம் இழுத்தாங்கோ... அங்கியே முடிஞ்சிட்டாங்கோ. சாவி ஆஃப்லதான் இருந்திச்சு, நான் பொய் சொல்லலன்னு சாவற வரைக்கும் சொல்லிகினே இருந்தாராம். அந்த வயர எத்தினி வாட்டி மாட்டினாலும் கழண்டுகினே கீது."

"வாணாம்க்கா" என்றான் ஹுசைன்.

"வேணும்" என்றேன். செத்துப்போன ஒரு ஆளுக்காக என் ஆசையை நான் ஏன் விட வேண்டும்?

வாங்கிவிட்டேன். சாவியை வாங்கிய கையோடு முன்னால் போய் நின்று சத்தமாகச் சொன்னேன்.

"ஐயா, சாவி ஆஃப்லதான் இருந்திச்சு. நான் நம்பறேன். ஆனா இது இனிமே என் வண்டி. எறங்குங்க."

பதில் வந்தது, சீட்டிலிருந்து அல்ல.

ப்ரொப்பெல்லர் பக்கம்... என் காதோரம்... ஒரு பெண் குரல்.

"வயர கழட்டினதே அவருதாம்மா."