ஐம்பதாம் நம்பர் பெட்டி

பிரிண்டர் சர்வீஸ் தொழிலில் இருப்பவனுக்குப் போன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். லேன் கேபிளும் கையுமாக மேஜைக்கடியில் தவழும் சக பாவிகளே, உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரிண்ட் சர்வர் என்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. அதில் பிரிண்டரைச் சொருகிவிட்டால் ஆபீஸில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டரும் அந்த ஒரே பிரிண்டரில் அடிக்கலாம். பெட்டிக்கு நெட்வொர்க்கில் ஓர் எண் உண்டு. எண் மாறினால் பிரிண்டர் எங்கே இருக்கிறது என்று ஒரு கம்ப்யூட்டருக்கும் தெரியாது. என் பயமெல்லாம் அந்த எண்ணைச் சுற்றித்தான்.

சாமி லைட்

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனி. தினமும் காலை பத்து மணிக்குப் பிரிண்டர் காணாமல் போகும். நான் போய்ச் சரிசெய்வேன். மறுநாள் பத்து மணிக்கு மறுபடியும் போன் வரும். கேபிளை மாற்றினேன். பெட்டி போய்விட்டது என்று சொல்லிப் புதுப் பெட்டியும் வாங்க வைத்தேன். அதுவும் மறுநாள் அதே நேரத்துக்குக் காணாமல் போனது. இவர்கள் கைவிட்டால் ஊரில் வேறு எவனும் கூப்பிட மாட்டான்.

அடுத்த நாள் ஒன்பதரைக்கே போய் மூலையில் உட்கார்ந்துகொண்டேன். மேனேஜர் சாம்பிராணி காட்டினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அணைத்துச் சாமி படத்தின் சீரியல் பல்பைக் கழற்றினார், பாக்ஸைத் திரும்பப் போட்டார். பெட்டியின் வயரும் அதே பாக்ஸில்தான் இருந்தது. கரண்ட் போய் வந்ததும், எண்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் ரௌட்டரிடம் பெட்டி புது எண் வாங்கிக்கொண்டது. இனி மாறவே கூடாதென்று ஐம்பது என்ற எண்ணை நானே அதற்கு நிரந்தரமாகக் கொடுத்தேன். மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாந்தான் அணைச்சேன் தம்பி, ஒத்துக்கிடுதேன். நல்லாருந்த பொட்டிய போச்சுன்னு சொன்னீகளே, அத யாரு ஒத்துக்கிடுவா?"

எல்லா இடத்துக்கும் ஐம்பது

அதற்குப் பிறகு கிருஷ்ணன்கோவில் ஜெராக்ஸ் கடைக்கும் ஐம்பதுதான், வத்திராயிருப்பு ரைஸ் மில்லுக்கும் ஐம்பதுதான். ஞாபகம் வைக்க வசதி. என்னோடு சேர்ந்து வேலை பார்க்கும் முத்துக்குமார் ஒருநாள் இதைக் கவனித்துவிட்டான். பெட்டி ஐம்பதை வைத்திருப்பது ரௌட்டருக்குத் தெரியாது. அதே எண்ணை அது வேறொரு கம்ப்யூட்டருக்கும் தூக்கிக் கொடுக்கலாம். எனக்கும் அது தெரியும். ஆனாலும் சோம்பல்.

"ஏலே, ஐம்பத வேற யாருக்கும் குடுக்காதன்னு ரௌட்டர்ல போட்டியா? என்னைக்காவது ஒருநா வசமா மாட்டுவ."

தேர் அன்று

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. அங்கேயும் என் ஐம்பதுதான். ஆடித் தேர் வரும் தெருக்களில் கரண்டை நிறுத்திவிடுவார்கள். தேர் நிலைக்கு வந்து, கரண்டும் வந்த கொஞ்ச நேரத்தில் லேப் டெக்னீஷியன் ஜெயராணி அக்காவின் போன். பிரசவமான ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ரத்த வங்கிக்கு அனுப்ப வேண்டிய சீட்டு பிரிண்ட் ஆகவில்லை. நான் வடம் பிடித்துவிட்டுக் கூட்டத்துக்குள்தான் நின்றிருந்தேன். ஓடினேன்.

பார்த்ததுமே புரிந்துவிட்டது. கரண்ட் வந்ததும் ஸ்கேன் அறைக் கம்ப்யூட்டர் எண் கேட்க, ரௌட்டர் ஐம்பதை அதற்குக் கொடுத்திருக்கிறது. ஒரே எண்ணில் இரண்டு பேர். தப்பு முழுக்க என்னுடையது. லேப்டாப்போடு மேஜைக்கடியில் நுழைந்தேன். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. அந்தப் பெண்ணின் கணவர், பைக் சாவியும் ரத்தம் வாங்கிவர ஐஸ் டப்பாவுமாக நின்றிருந்தார். "அண்ணே, வந்துருமா?" என்றார். "இந்தா வந்துரும்" என்றேன். மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். பாஸ்வேர்டை மூன்று முறை தப்பாக அடித்தேன். அந்தப் பெண் செத்துப்போனால் காரணம் நான்தான் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான்காவது முறை அடிக்கும்போது அக்கா குனிந்து, என் சட்டைப்பையில் இருந்த பேனாவை உருவினார். வெற்றுச் சீட்டில் கையாலேயே எழுதி, டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, சீல் குத்திக் கொடுத்துவிட்டார். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கால்கள் ஓடி மறைந்தன. கணவர் போன பிறகு எண் சரியாகி, பிரிண்டர் அதே சீட்டை ஏழு தரம் துப்பியது. அக்காவுக்கும் முகம் வெளிறியிருந்தது.

"பேனா கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு தம்பி. கால் மணி நேரமா ரெண்டு பேருக்கும் தோணலயே."

தேங்காய்

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, ரௌட்டரில் ஐம்பதை ஒதுக்கி வைக்க நான் போனபோது அவர் கணவர் வாசலிலேயே மடக்கினார். வத்திராயிருப்பில் தேங்காய் லோடு ஏற்றுகிறவர். ஒரு பை நிறையத் தேங்காயை என் கையில் திணித்தார். தப்பு என்னுடையது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பயத்தில் வார்த்தை வரவில்லை. அதை அவர் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார்.

"வாங்கிக்கோங்கண்ணே. நீங்க அன்னைக்கு எம்புட்டு வேர்த்து நடுங்குனீகன்னு நான் பாத்தேன்ல. சொந்தக்காரங்கூட அப்படிப் பதற மாட்டான்."

இப்போது எந்த ஆபீஸில் பெட்டி வைத்தாலும் முதலில் ரௌட்டரில் எண்ணை ஒதுக்குகிறேன், அடுத்து சாமி லைட் எதில் சொருகியிருக்கிறது என்று பார்க்கிறேன், கடைசியாகச் சட்டைப்பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு, யாராவது நன்றி சொல்வதற்குள் கிளம்பிவிடுகிறேன்.