கரண்டுப் பெட்டியின் வார்

மெர்டேக்கா, அதான் சுதந்திரம், வந்த வருஷம், காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு ஒரு கரண்டுப் பெட்டியும் வந்தது. கலியாணமாகிச் சில வருஷமாகியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. எங்கிருந்து வரும்? என் கணவருக்கு ஆண்மைக் குறை. அது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஆனால் விரதம் இருந்தவள் நான், ஈரப்புடவையோடு அரசமரத்தைச் சுற்றியவள் நான். எங்களோடு இருந்த மாமியார், செமாபோக் பக்கம் மகனுக்கு வேறு பெண் பார்க்கவே ஆரம்பித்துவிட்டார். "அம்மாகிட்ட உண்மையச் சொல்லுங்களேன்" என்று எத்தனையோ முறை கெஞ்சினேன். "சொல்றேன் லா, சொல்றேன்" என்பார். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை. அங்கே மட்டும் வாய் கிழியப் பேசுவாராம்.

பெட்டியைக் கொடுத்தவர் தெங்கேராவில் ஒரு வைத்தியர். தளர்ந்த நரம்பைக் கரண்டு எழுப்பிவிடுமாம். தோல் வாரில் இரண்டு பித்தளைத் தகடுகள். உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை வைத்து இடுப்பில் இறுக்கிக் கட்ட வேண்டும். பக்கத்திலிருந்து யாராவது கைப்பிடியைச் சுற்றினால் கரண்டு பாயும். வேறு யார்? நான்தான். மரத்தைச் சுற்றியது போதாதென்று இதையும் சுற்று.

"மெதுவா சுத்து லா... ஐயோ, மெதுவா!"

மாதக்கணக்காகச் சுற்றினேன். அவர் நரம்பு எழவில்லை. என் தோள்பட்டைதான் இறங்கிப்போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எரிச்சலில் வேகமாகச் சுற்றிவிட்டேன். அவர் அலறிய அலறலில் மாமியார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதற்குள் என் கணவர் வாரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்னடா இது?"

இப்போதாவது சொல்லுவார் என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

"இவளுக்கு வைத்தியம்மா. பிள்ளை உண்டாக. எப்படி இருக்குன்னு நான் தொட்டுப் பாத்தேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய் திறப்பதற்குள் மாமியார் என்னை உட்காரவைத்து, வாரை என் இடுப்பில் கட்டினார். அது நிற்காமல் நழுவி மடியில் விழுந்தது. மாமியார் எடுத்துப் பார்த்தார். கோடியிலிருந்த ஓர் ஓட்டை மட்டும் கொக்கி இழுத்து இழுத்து நீண்டிருந்தது. அந்த அளவை மகனின் தொப்பையோடு வைத்துப் பார்த்தார். கச்சிதமாக இருந்தது. மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பாடா, தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மாமியார் அடுப்படிக்குப் போய் ஓர் ஆணியும் குழவிக்கல்லும் எடுத்து வந்தார். என் இடுப்புக்கு அளவு வைத்து, வாரில் புதிதாக ஓர் ஓட்டை போட்டார். பிறகு அதை என்மேல் இறுக்கிக் கட்டிவிட்டு, கைப்பிடியைத் தானே சுற்றத் தொடங்கினார்.