ஒரு பிற்பகலுக்குக் கடைசித் தமிழன்

பத்து வயதில் ஒரு பிற்பகல் முழுவதும் நான் உலகின் கடைசித் தமிழனாக இருந்திருக்கிறேன். யாரும் கொடுத்த பதவியல்ல, நானாக எடுத்துக்கொண்டது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று கிடைத்த மரியாதை அதற்குப் பிறகு எந்தத் தமிழ்ச் சங்கத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அப்போது நாங்கள் டெக்சஸில், ரவுண்ட் ராக்கில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் தமிழில் கேட்பார்கள், நான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். இரு தரப்புக்கும் பழகிப்போன ஏற்பாடு. அந்தக் கோடை விடுமுறையில் என்னை இரண்டு வாரம் ஓக்லஹோமாவில் டாக்டராக இருந்த அத்தை வீட்டில் விட்டார்கள். அத்தையால் கிளினிக்கை விட்டு நகர முடியாது. அங்கே வேலை பார்த்த நர்ஸ் ஆன்ட்டி தன் லீவு நாளில் மகளோடு என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு தங்கள் மொழிக் கூட்டத்துக்குப் போனார்.

அவர் யூச்சி என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவர். அவர்களுடைய மொழிக்கு உலகத்தில் வேறு எந்த மொழியும் உறவில்லை. பிறந்ததிலிருந்து அதைப் பேசி வளர்ந்தவர்களில் முதியவர்கள் சிலர்தான் மிஞ்சியிருந்தார்கள். நர்ஸ் ஆன்ட்டி மாதிரியானவர்களும் பிள்ளைகளும் ஒரு மரவீட்டில் கூடி, அந்த முதியவர்களோடு பேசிப் பேசியே மொழியைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார்கள். ஒரே ஒரு விதி. ஆங்கிலம் வாசற்படியோடு சரி. உள்ளே தண்ணீர் வேண்டுமென்றால் யூச்சியில் கேட்க வேண்டும், அல்லது என்னைப்போல் கையைக் காட்ட வேண்டும்.

நான் கவனித்தது வேறு. நல்ல நாற்காலி முதியவர்களுக்கு. முதல் கிண்ணம் சோளக்கஞ்சி அவர்களுக்கு. கையெல்லாம் தீப்பொறித் தழும்புள்ள ஒரு வெல்டர், அவர்கள் வாயைத் திறந்தால் போதும், டேப் ரெக்கார்டரோடு வந்து நிற்பார்.

இடைவேளையில் வாசற்படியில் உட்கார்ந்திருந்தபோது நர்ஸ் ஆன்ட்டியின் மகள் ஆங்கிலத்தில் கேட்டாள். "உங்க பாஷைல எத்தனை பேரு மிச்சம்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் கதவு வழியாக அந்த நாற்காலியைப் பார்த்தேன்.

"எங்க வீட்ல மட்டும்தான். பசங்கள்ல நான்தான் கடைசி."

எங்கள் தெருவைப் பொறுத்தவரை அது பொய்யுமல்ல.

அவள் முகம் மாறியது. எழுந்து உள்ளே ஓடினாள், தன் அம்மாவிடம் சொன்னாள். நர்ஸ் ஆன்ட்டி ஒரு பாட்டியம்மாவிடம் சொன்னார். அந்த அம்மாளுக்கு மூக்கில் ஆக்சிஜன் குழாய். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் பேசத்தான் அவருக்கு மூச்சிருந்தது. அன்று ஒரு துணிப்பை நிறைய இலைகளும் வேர்களும் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரையும் பயனையும் டேப்பில் சொல்வதாக ஏற்பாடு.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். காலால் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினார். பிறகு எழுந்து நின்று நாற்காலியைக் காட்டி ஏதோ சொன்னார். நர்ஸ் ஆன்ட்டி குனிந்து, விதியை மீறி என் காதில் ஆங்கிலத்தில் சொன்னார்: "எங்கள்ல இன்னும் சில பேராவது இருக்கோம், இந்தப் பையன் தனியாள், முதல்ல இவனைப் பதிவு பண்ணுங்கன்னு சொல்றாங்க."

உட்கார்ந்தேன். கால் தரைக்கு எட்டவில்லை. டேப் சுழன்றது. இனி நான் தமிழ் பேச வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒன்று முதல் பத்து வரை சொன்னேன், ஏழும் எட்டும் இடம் மாறின. அத்தோடு சரக்கு தீர்ந்தது. மிச்சமிருந்தது அம்மா தினமும் என்னைப் பார்த்துச் சொல்வது மட்டுமே.

"செருப்ப வெளில விடு."

அறை முழுவதும் பக்தியோடு திருப்பிச் சொன்னது.

"டிவிய ஆஃப் பண்ணு."

இதில் தனக்குத் தெரிந்த வார்த்தைகள் இருப்பதை வெல்டர் கவனித்தார். நாகரிகமானவர், டேப்பை ஓடவிட்டார்.

"எருமமாடு மாதிரி நிக்காத."

அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, ஒலி சரியாக வரும்வரை மூன்று முறை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது முறைக்கு, கிளினிக்கை முடித்துவிட்டு என்னைக் கூட்டிப்போக வந்த அத்தை வாசலில் நின்றாள்.

"டேய், என்னடா நடக்குது இங்க?"

வெல்டர் பரவசத்தோடு மைக்கை அத்தை பக்கம் திருப்பினார். இன்னொருவர் கிடைத்துவிட்டார்.

நர்ஸ் ஆன்ட்டி விஷயத்தைச் சொன்னார். "கடைசியா? ஊர்ல கோடிக்கணக்குல இருக்காங்களே!" என்று அத்தை ஆங்கிலத்தில் அலறினாள். அதை யாரோ யூச்சியில் சொன்னார்கள். அந்த அம்மாள் குழாய் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நின்றபோது குரல் போயிருந்தது. அவரை அழைத்துப்போக அவர் மகன் காரோடு வந்துவிட்டார். வெல்டர் நாற்காலிக்கு அடியிலிருந்த பையை எடுத்து, சுற்றிய தாள் பிரியாமல் அவர் கையில் கொடுத்தார்.

சிரித்துவிட்டாரே, அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரம் நான் ரவுண்ட் ராக்கில் இருந்தேன். அவர் மறுபடி வந்தாரா, அந்த வேர்களின் பெயர்கள் டேப்பில் ஏறினவா என்று நான் கேட்கவில்லை. அது கேட்க வேண்டிய விஷயம் என்றே தெரியவில்லை. அவருக்கு இருந்தது வாரத்துக்கு ஒரு மணி நேரம். அந்த வாரத்தினுடையது எருமைமாட்டுக்குப் போனது.

அந்தப் பதிவு நடந்த அன்று மாலையே அத்தை அப்பாவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவாள் என்று கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவள் திட்டவில்லை.

"பொய் சொன்னதக்கூட விடு, அண்ணா. தமிழ் முடிஞ்சுபோச்சுன்னானே, அதையாவது தமிழ்ல சொல்லக் கூடாதா?"