நானூறு மீட்டர் இருப்பு

எங்கள் கம்பெனியில் பனியன் தேய்க்கும் அயர்ன் மாஸ்டர் அந்தோணிராஜைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். எழுதுகிறேன். ஆனால் சைக்கிள் என்றால் இந்த வட்டாரத்தில் முதலில் நான்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, கேரியரில் பனியன் மூட்டை கட்டிப் பெருமாநல்லூருக்கும் திருப்பூருக்கும் மிதித்தே முதலாளி ஆனவன் இந்தக் கிட்டுசாமி.

நாற்பது வயது தாண்டியவர்களுக்கு எங்கள் பனியன் தொழில் சங்கம் பொங்கலுக்கு இருபது கிலோமீட்டர் பந்தயம் வைக்கும். இரண்டு வருடம் தொடர்ந்து ஜெயித்தேன். மூன்றாம் முறையும் ஜெயித்தால் சுழற்கோப்பை எனக்கே சொந்தம். 2007இல் அந்தோணிராஜும் பெயர் கொடுத்தான். கோவில்பட்டிப் பக்கத்து ஆள், ஒல்லி உடம்பு.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் வேலைக்கு மிதித்து வருவதை வாசலில் நின்று பார்ப்பேன்.

"ஏனுங்க, ஊட்டுக்கு மாப்பிள்ளையா வர்றான்? இப்படி வழி பாக்கறீங்க!" என்று என் மனைவி முத்தாத்தாள் சிரித்தாள்.

டீ நேரத்தில் டெய்லர்கள் அவனைச் சுற்றி நிற்பார்கள். கட்டிங் மேசைக்குப் பின்னால் நின்று நானும் கேட்டேன்.

"உடம்பும் நம்ம அயர்ன் பாய்லர் மாதிரிதாம்வே. நிதானமா தேச்சா நாள் பூரா ஆவி வரும். ஆவி பட்டன அமுக்கிக்கிட்டே இருந்தா சேந்திருக்க ஆவி காலி, துணியில தண்ணியத்தான் துப்பும். கைய எடுத்தா மறுபடி ஏறும். அந்த நிதானத்தோட எல்லை எதுன்னு தெரியணும், அவ்வளவுதான்."

எல்லையை அவன் நோட்டில் போட்டு வைத்திருந்தான். ஒரு நாள் நான்கு நிமிடம் உயிரைக் கொடுத்து மிதித்ததில் 2,600 மீட்டர். இன்னொரு நாள் பன்னிரண்டு நிமிடத்தில் 7,000. கூடுதல் எட்டு நிமிடத்துக்கு 4,400 மீட்டர், அதாவது மணிக்கு முப்பத்துமூன்று கிலோமீட்டர். அதுதான் அவன் தாங்கும் வேகம். அந்த வேகத்தில் நான்கு நிமிடத்துக்கு 2,200தான் வரும். மிச்சம் நானூறு மீட்டர்தான் சேர்ந்திருக்கும் ஆவி, அவன் இருப்பு. எல்லைக்கு மேலே போனால் அதிலிருந்துதான் செலவு.

அவன் சாப்பிடப் போனபோது நோட்டைப் பிரித்தேன். 33, 400 என்று ஒரு ஸ்டிக்கரில் எழுதி என் ஹேண்டில்பாரில் ஒட்டினேன். கோயம்புத்தூரில் வேகம் காட்டும் மீட்டரும் வாங்கி மாட்டினேன். அயர்ன்காரன் காலுக்கே முப்பத்துமூன்று என்றால், மூட்டை இழுத்த காலுக்கு அது எம்மாத்திரம்?

பந்தயத்தில் மீட்டர் முப்பத்துமூன்றிலேயே நிற்கும்படி மிதித்தேன். எல்லோருக்கும் முன்னால் நான். மூன்றாவது கிலோமீட்டரில் தொடை கல்லாகிவிட்டது. பக்கத்தில் வந்த அந்தோணிராஜ் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டான்.

"மொதலாளி, இது என் காலுக்குப் போட்ட கணக்குல்லா!"

"நீ போப்பா... போ!"

போனான். கோப்பையையும் கொண்டு போனான். நான் ஏழாவது.

விடுவேனா? அடுத்த இரண்டு ஞாயிறும் அவனையே கடிகாரம் பிடிக்க வைத்தேன். நான்கு நிமிடத்தில் 2,350, பன்னிரண்டில் 5,950. என் எல்லை இருபத்தேழு. முப்பத்துமூன்றில் போனதால் நிமிடத்துக்கு நூறு மீட்டர் இருப்பைத் தின்றிருக்கிறேன். ஐந்தரை நிமிடத்தில் எல்லாம் காலி; மூன்றாவது கிலோமீட்டரில் படுத்தது கணக்குப்படி சரிதான். ஆனால் என் இருப்பு ஐந்நூற்றைம்பது.

"இருப்புல நீங்கதான் மொதலாளி ஜாஸ்தி" என்றான்.

"அதைய நாளைக்கு எல்லாரு முன்னாடியும் சொல்லு."

டீ நேரத்தில் சொன்னான், குறைக்காமல். அந்த வருடம் முழுக்கக் கோப்பை அவன் வீட்டு டிவி மேல் இருந்தது. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. இருந்தாலும் நூற்றைம்பது மீட்டர் நான்தான் அதிகம்.